சூசையப்பருக்கு இடமில்லை என்றார்கள்

படகிலிருந்து இறங்கியதும் எல்லோரும் நேராக என் கூண்டுக்குத்தான் வருவார்கள். துறைமுகத்தில் பயணச்சீட்டு விற்கிற எனக்கு, தீவில் எங்கே சாப்பிடலாம் என்று சொல்வதும் சேர்த்துத்தான் சம்பளம் என்று யாரோ அவர்களிடம் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். கையில் பட்டியலும் வைத்திருப்பார்கள். சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் மொட்டைமாடி அதில் இருக்கும். கால் நனைய உட்காரும் கடற்கரை மேசை இருக்கும். ஒரு கணவாய்மீனை ஏழாக அறுத்து, பெரிய தட்டின் நடுவில் கோபுரம் கட்டிக் கொண்டுவருகிற கடையும் இருக்கும். கத்தேனாவின் கடை மட்டும் எந்தப் பட்டியலிலும் இருக்காது. இவர்களெல்லாம் கடைசிப் படகேறித் தொலைந்த பிறகுதான் அவள் அடுப்பையே பற்றவைப்பாள்.

அக்டோபர் முடிந்தால் எங்கள் தீவில் கதவு மூடும் சத்தம் ஒரு வாரம் கேட்கும். சமையல்காரர்கள் அக்கரையில் மிலாஸ்ஸோவுக்குப் போய்விடுவார்கள், முதலாளிகள் அதற்கும் வடக்கே. நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துவிட்டு, காய்ந்த ரொட்டி ஒரு துண்டுகூட விட்டுவைக்காமல் பூட்டிக்கொண்டு போவார்கள். மிச்சமிருப்பது நாங்கள். தனிக்கட்டைகள், விதவைகள், மின்நிலையத்தில் எண்ணெய் ஊற்றுகிறவன், காற்று ஏறினால் பக்கத்துத் தீவான லிப்பாரிக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்ளும் நர்ஸ். காற்று நாலு நாள் அடித்தால் நாலு நாளும் படகு வராது. கோடை முழுக்க ஊரெல்லாம் வறுத்த மீன் வாசனை வீசிய அதே தெருவில், டப்பா மீனைத் திறந்து நின்றபடியே தின்கிற ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். இதைப் பற்றி எந்தப் பட்டியல்காரனாவது ஒரு வரி எழுதியிருப்பானா?

கத்தேனா பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவள். பிள்ளைகள் இல்லை என்று பள்ளிக்கூடத்தை மூடினார்கள். வேறு யாராக இருந்தாலும் மெஸ்ஸினாவில் தங்கை வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவள் போகவில்லை. துறைமுகத்தெருவில் ஒரு பழைய கட்டிடத்தின் கீழ்த்தளம் சும்மா கிடந்தது. சொந்தக்காரர்கள் ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள். அப்படியொரு சொத்து இருப்பதையே பாதி மறந்துவிட்ட ஆட்கள். திறந்து வைத்துக்கொள், ஈரம் ஏறாமல் இருக்கும் என்றார்கள். பிள்ளைகளுக்குச் சமைத்த அதே பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கே அடுப்பு மூட்டினாள்.

அவள் கடையில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. உட்கார வேண்டும். அவள் முகத்தைப் பார்ப்பாள், கரண்டியால் ஊற்றுவாள். கடல் விட்டால் கணவாய், விடாவிட்டால் பயறு. முயல் கிடைத்த அன்றைக்குப் புளிப்பும் இனிப்புமாக ஒரு குழம்பு. ரொட்டியை மிச்சம் வைத்தவனுக்கு மறுநாள் ரொட்டி கிடையாது. பேச்சுவார்த்தை இல்லாதவர்களைத் தேடிப் பிடித்து எதிரெதிரே உட்காரவைப்பாள். தண்ணீர்த் தொட்டிக்காக அடித்துக்கொண்ட அண்ணன் தம்பி இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு உப்புக் கிண்ணம்தான். உப்பு வேண்டுமென்றால் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். அவள் வேண்டுமென்றேதான் உப்புக் குறைத்துப் போட்டாள் என்பது ஊருக்கே தெரியும். ஒருத்தன் இரண்டு நாள் வரவில்லையென்றால் தட்டை மூடிக்கொண்டு அவன் வீட்டுக்கே போய், "உயிரோட இருக்கியா, இல்ல என் வாசப்படி ஏற கௌரவம் தடுக்குதா?" என்று வாசலில் நின்று கத்துவாள். மே மாதம் முதல் படகில் கூட்டம் இறங்கியதும் கடையைச் சாத்திவிட்டு மலையில் கேப்பர் மொட்டுப் பறிக்கப் போய்விடுவாள். "கோடையில எல்லாரும்தான் சமைக்கிறான். நான் எதுக்கு?" என்பாள்.

இதற்கெல்லாம் மேலே சூசையப்பர் திருநாள் இருக்கிறது. மார்ச் பத்தொன்பது. எங்கள் தீவில் அன்றைக்கு அசனம், ஊர்ப்பொது விருந்து. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை வரும். எல்லாம் ஒரே அண்டாவில் காட்டுச் சோம்புக் கீரையோடு வேகும். அதில் உடைத்த பாஸ்தாவைப் போடுவார்கள். தவக்காலம் என்பதால் பாலாடைக்கட்டி கூடாது. வறுத்த ரொட்டித்தூளைத்தான் தூவுவார்கள், தச்சர் சூசையப்பரின் மரத்தூள் என்று. அவரவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஊரே வரும்.

ஆனால் சும்மா போய் உட்கார முடியாது. ஊரிலேயே ஏழையான ஆளைச் சூசையப்பராக நிறுத்துவார்கள். அவர் பூச்சுற்றிய கோலோடு, மாதாவையும் பாலனையும் கூட்டிக்கொண்டு மூன்று கதவுகளைத் தட்ட வேண்டும். முதல் கதவில் இடமில்லை என்பார்கள். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது கதவு திறக்கும். அவர் உட்கார்ந்து முதல் வாய் வைக்காமல் ஊரில் ஒருவரும் கரண்டியைத் தொட மாட்டார்கள். முதல் கதவு கோவில் வீடு. இரண்டாவது என்னுடையது. திட்டி விரட்டுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. மூன்றாவது கத்தேனாவின் கதவு.

சூசையப்பர் எங்கள் ஒனோப்ரியோ மாமா. வாழ்நாள் முழுக்கக் கணவாய் பிடித்தவர். இப்போது பல்லும் இல்லை, படகும் இல்லை. படகுக் கொட்டகையை ஒட்டிய ஒரு அறையில் இருக்கிறார். குளிர்காலத்தில் கத்தேனாவின் மேசையை விட்டால் அவருக்குச் சூடான சாப்பாடு வேறு எங்கும் கிடையாது. வருஷத்தில் அந்த ஒரு நாள் ஊர் முழுக்க அவருக்காக எழுந்து நிற்கும். மாதா, ஆடு வளர்க்கிற விதவை நெல்லா. தீவில் குழந்தை பிறந்து பல காலம் ஆகிவிட்டதால் பாலனுக்குக் கோவிலில் உள்ள மரச் சுரூபத்தைத்தான் எடுத்துக்கொள்வோம்.

போன வருஷம் ஆஸ்திரேலியாக்காரர்கள் அந்தக் கட்டிடத்தை விற்றார்கள். வாங்கியவன் எர்மான்னோ, வடக்கே பெர்கமோக்காரன். மேலே மாடியில் கோடைக்கு உணவகம் போட்டான். கத்தேனாவைக் காலிசெய் என்று உடனே சொல்லவில்லை. நல்லவன் என்று நாங்களும் நினைத்தோம். மார்ச் மாதம் பிறந்ததும் அடுக்களைக்கு வந்தான். நானும் அங்கேதான் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"சிக்னோரா, இந்த அசனத்தைக் கொஞ்சம் ஒழுங்கா நடத்தலாம்னு பாக்கறேன்."

"இப்ப ஒழுங்கில்லாம எங்க நடக்குது தம்பி?"

"தெருவுல நின்னுக்கிட்டுச் சாப்பிடறாங்க, நாயெல்லாம் வருது. மேல மாடியில மேசை போட்டு, துணி விரிச்சு, அழகா செய்யலாம். வெளியூர்க்காரங்க இதைப் பாக்க ரொம்ப ஆசைப்படறாங்க. சீட்டு போட்டிருக்கோம்."

"என்ன சீட்டு?"

"ஆளுக்கு அறுபது யூரோ. நிறைஞ்சே போச்சு."

நான் பயறுத் தட்டைக் கீழே வைத்தேன். சீட்டு நானும்தான் விற்கிறேன். படகுக்கு விற்கிறேன். சூசையப்பருக்குச் சீட்டு விற்கிறவனை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"ஊர்க்காரங்க?" என்றாள் கத்தேனா.

"அவங்களுக்கும் உண்டு. விருந்தாளிங்க முடிச்சதும்."

"சூசையப்பர்?"

"திருக்குடும்பம்தான் நடுநாயகமா உட்காரும். அதில்லாம எப்படி?" அடுப்பையும் சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான். "அடுத்த குளிருக்கும் இந்த அடுக்களை உங்ககிட்டயே இருக்கட்டும்னுதான் நான் நினைக்கிறேன். நீங்களும் எனக்காகக் கொஞ்சம் பாக்கணும் இல்லையா?"

கத்தேனா கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். பிறகு, "சரி" என்றாள்.

அவன் போனதும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "நீயா சரின்னு சொன்னே? சேச்சே! உன் வாயில அந்த வார்த்தை எப்படி வந்துதுக்கா?"

"பின்ன என்ன சொல்லச் சொல்றே? நவம்பர்ல ஒனோப்ரியோ மாமாவை உன் சீட்டுக் கூண்டுக்குள்ள உட்காரவெச்சு நீ சாப்பாடு போடுவியா? இல்ல அந்த எண்ணெய்க்காரனுக்குப் போடுவியா? வாய் மட்டும் இருக்குடி உனக்கு, மிம்மா. பயறைப் பொறுக்கு."

பொறுக்கினேன். அவள் சொன்னது நியாயம் என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

திருநாள் அன்று காலைப் படகில் கூட்டம் வந்து இறங்கியது. அதில் செதுக்கிய தாடியோடு ஒரு வாலிபனும் நீளக் கூந்தலோடு ஒரு பெண்ணும் இருந்தார்கள். நல்ல ஜோடி என்று நினைத்துக்கொண்டேன். கூண்டைப் பூட்டிவிட்டு, என் கதவுக்குப் பின்னால் நின்று மாமாவை விரட்டப் போனேன்.

மாமா வந்தார். இரவல் அங்கி, கோலில் பாதாம் பூ. பின்னால் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு நெல்லா. அவளுக்கும் பின்னால் கிண்ணங்களோடு ஊர். கோலால் மூன்று தட்டு.

"சூசையும் மரியும் பிள்ளையும் வந்திருக்கோம். பசிக்குது. கதவைத் திறங்க!"

"இடமில்ல! போற வர்றவனுக்கெல்லாம் இது சத்திரமா? போ, அடுத்த கதவைத் தட்டு!" என்று நான் உள்ளிருந்து போட்ட சத்தத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நானும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்தேன்.

மூன்றாவது கதவில் எர்மான்னோவின் அண்ணன் மகன் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை, காதில் ஒரு கருவி. மாமா கோலை ஓங்கித் தட்டி, மார்பை நிமிர்த்திச் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"சூசையப்பர் வந்தாச்சு பெரியவரே," என்றான் அவன். "மேல உட்கார்ந்திருக்காரு. இப்ப இடமில்ல. எல்லாரும் சாப்பிட்டதும் பின்பக்கமா வாங்க, தரச் சொல்றேன்."

நான் அண்ணாந்து பார்த்தேன். மாடியில், வெள்ளைத்துணி விரித்த மேசையின் நடுவில், தைத்த மடிப்புக் கலையாத அங்கியில் அந்தத் தாடிக்காரன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நீலத் துணி போர்த்திய அந்தப் பெண். இரண்டு பேரும் மெஸ்ஸினாவில் நாடகம் போடுகிறவர்களாம். வாடகைக்குச் சூசையப்பர்! எங்கள் ஆளுக்குப் பல் இல்லை, உடம்பில் கணவாய் நாற்றம், படம் எடுத்தால் நன்றாக வராது. அதுதான் காரணம், வேறென்ன? யார் சாப்பிடுவதற்காக இந்த விருந்தே இருக்கிறதோ அவனை வாசலில் நிறுத்திவிட்டு அவன் வேஷத்துக்குச் சாப்பாடு போடுகிறார்கள். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் ஒனோப்ரியோ மாமா குனிந்து கும்பிட்டார்.

"அப்படியா தம்பி? அப்ப இது ரெண்டாவது கதவாக்கும். எண்ணிக்கை தப்பிப்போச்சு. வயசாயிடுச்சில்ல, மன்னிச்சுக்கோ."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். ஜனங்கள் முழித்தார்கள். "மாமா, மூணு முடிஞ்சுது! இதான் மூணாவது!" என்றான் எண்ணெய்க்காரன். "இல்லப்பா, கோவில் வீட்டுல யாரும் சரியா பதில் சொல்லல, எனக்குக் கேக்கவேயில்ல, அது கணக்குல சேராது" என்று சொல்லிக்கொண்டே மாமா அடுத்த கதவைத் தட்டினார். அது ரோமாபுரிக்காரர் ஒருவரின் கோடை வீடு. பூட்டியிருந்தது. அதற்கடுத்தது மிலான்காரருடையது, அதுவும் பூட்டு. மார்ச் மாதத்தில் துறைமுகத்தெருவில் திறக்கிற கதவு எங்கே இருக்கிறது? ஆனாலும் அவர் ஒவ்வொரு பூட்டிய கதவிலும் மூன்று தட்டு தட்டி, "சூசையும் மரியும் பிள்ளையும் வந்திருக்கோம்" என்று முழுசாகச் சொன்னார். ஜனங்கள் முதலில் சிரித்தார்கள். கிழவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று பிறகு அவர்களுக்குள் குசுகுசுத்தார்கள்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன். "என்ன மாமா இது கோமாளித்தனம்? மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"சத்தம் போடாதடி மிம்மா. எண்ணத் தெரியாமயா இத்தனை வருஷம் தூண்டில் எண்ணினேன்? அங்க நின்னு நான் சண்டை போட்டிருந்தா கத்தேனா காதுல விழுந்திருக்கும். விழுந்தா வெளிய வந்திருப்பா. வந்தா அவ அடுப்பு போச்சு. கிழவன் கணக்குத் தப்பிட்டான்னு ஜனங்க நினைச்சுட்டுப் போகட்டும். இப்படியே தட்டிக்கிட்டே மேல கோவில் வரைக்கும் போயிட்டா அவங்களே கலைஞ்சுருவாங்க. நீ வாயை மூடிக்கிட்டு இரு, எனக்காக."

ஊரே எழுந்து நிற்கிற ஒரே நாளில், ஊரே தன்னைப் பைத்தியம் என்று நினைக்கட்டும் என்று நடந்துகொண்டிருக்கிறார். அதுவும் காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல்.

நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறவளா? பின்பக்கச் சந்து வழியாக ஓடினேன்.

அடுக்களையில் கத்தேனா அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். பரிமாறுகிற பையன்களில் ஒருவன் பாலாடைக்கட்டியைத் துருவலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். "தவக்காலத்துல கட்டியா? துருவினா உன் விரலைத் துருவுவேன்" என்று அவனை விரட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். "என்ன? மாமா உட்கார்ந்தாச்சா? முதல் தட்டு போகட்டுமா?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். மாமா சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"இப்ப எங்க இருக்காரு?"

"மிலான்காரன் வீட்டைத் தாண்டி மேல போயிட்டிருக்காரு, பூட்டின கதவா பாத்துத் தட்டிக்கிட்டு."

கரண்டியை அண்டாவுக்குள்ளேயே போட்டாள். "அந்தப் பக்கத்து வளையத்தைப் பிடி."

"அக்கா, ஒரு நிமிஷம் யோசிச்சுக்க. நவம்பர் வந்தா..."

"யோசிச்சுத்தானே அன்னைக்குச் சரின்னேன். யோசிச்சுக் கிழிச்சது போதும். இதுல வேகறது ஊரான் வீட்டுக் கடலை. பிடி!"

பின்வாசல் இருந்தும் அவள் அந்த வழியாகப் போகவில்லை. மேசைகளுக்கு நடுவே, முன்வாசல் வழியாக, ஆவி பறக்கிற அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தோம். வெள்ளைச் சட்டைக்காரன் கையை விரித்து மறித்தான். "வழிய விடு தம்பி, கொட்டினா உன் காலுதான் வேகும்" என்றாள். அவன் விலகினான்.

தெருவில் எங்களைப் பார்த்ததும் ஜனங்கள் வழிவிட்டார்கள். எண்ணெய்க்காரன் ஓடிவந்து என் பக்கத்தை வாங்கிக்கொண்டான். மாமா அப்போதும் ஒரு பச்சைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். திரும்பினார். அண்டாவைப் பார்த்தார், அதன் பின்னால் கத்தேனாவைப் பார்த்தார். அவர் முகம் சிவந்துபோனது.

"ஏம்மா வந்தே? உன்னை யாரு வரச் சொன்னா? நான் இவ்வளவு நடிச்சதும் வீணா? எல்லாம் இந்த மிம்மா வேலை! இவ நாக்கை அறுக்கணும்!" கோபத்தில் அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கத்தேனா அண்டாவைக் கல்தரையில் இறக்கினாள். இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உள்ள வாங்கன்னு சொல்றதுக்கு எனக்குக் கதவு இல்ல மாமா. இந்தப் படியிலயே உட்காருங்க."

மாமா கோலைச் சுவரில் சாத்தினார். பிறகு, யாரோ முகம் தெரியாதவனின் பூட்டிய வீட்டு வாசல்படியில் உட்கார்ந்தார். பக்கத்தில் நெல்லா சுரூபத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கத்தேனா முதல் கிண்ணத்தை ஊற்றி, ரொட்டித்தூளைத் தூவி அவர் கையில் கொடுத்தாள். ஊர் நின்றுகொண்டிருந்தது. அவர் முதல் வாய் வைத்தார். அதன் பிறகு நாங்கள் எல்லோரும் நாயோடு சேர்ந்து தெருவில் நின்று சாப்பிட்டோம்.

மாடியிலிருந்தும் சிலர் இறங்கி வந்தார்கள், காலித் தட்டோடு. வரிசையின் கடைசியில் அந்தத் தாடிக்காரன் அங்கியைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றான். முகத்தை நிமிர்த்தவில்லை. அவனுக்கும் ஊற்றினாள். அன்றைக்கு யாருக்கும் இல்லை என்று சொல்லக் கூடாது.

எர்மான்னோ கத்திக்கொண்டே வந்தான். ஒப்பந்தம் என்றான், நம்பிக்கைத் துரோகம் என்றான், நாளைக்கே காலி செய்ய வேண்டும் என்றான். கத்தேனா ஒரு கிண்ணத்தை நிரப்பி அவனிடம் நீட்டினாள்.

"நாளைக்குத்தானே? இன்னைக்குச் சாப்பிடு."

அவன் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அவனைப் பற்றி இவ்வளவு கேவலமாகப் பேசியிருக்க மாட்டேன்.

மறுநாள் அவன் சொன்னபடியே செய்தான். பாத்திரங்களை நாங்கள்தான் தூக்கிக்கொண்டு போனோம். மாமா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கோடையில் மாடி நிறைந்து வழிந்தது. கணவாய்க் கோபுரம் எழும்பியது. அக்டோபர் முடிந்ததும் மேலேயும் கீழேயும் பூட்டிக்கொண்டு போய்விட்டான். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் முப்பது நாற்காலி மேசைகள்மேல் கவிழ்ந்து கிடக்கின்றன. மே மாதம் வரை அவற்றில் ஒருவரும் உட்காரப் போவதில்லை.

கத்தேனாவின் வீடு ஒற்றை அறை. அறுபதைத் தாண்டியவள், முதுகுவலிக்காரி. இப்போது ஒவ்வொரு நாளும் மத்தியானம் தன் படுக்கையைச் சுருட்டிவிட்டு, கட்டிலைத் தூக்கிச் சுவரோடு நிமிர்த்தி வைக்கிறாள். அந்த இடத்தில் மேசை போடுகிறாள். மாமா வருகிறார், எண்ணெய்க்காரன் வருகிறான், உப்புக் கிண்ணத்தோடு அண்ணனும் தம்பியும் வருகிறார்கள். எல்லோரும் போன பிறகு கட்டிலை மறுபடியும் தனியாக இறக்குகிறாள். உதவிக்குக் கை நீட்டினால், "ஏன், எனக்குக் கை இல்லையா?" என்று அதற்கும் சண்டை போடுகிறாள்.